மாரிவேல் நாணலில் ரெட் பிஷப்

தென்னாப்பிரிக்காவின் ரெட் பிஷப் பறவையைப் பார்த்தவர்கள் எல்லோரும் அதன் சிவப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பேச வேண்டிய சிவப்புதான். ஆனால் ஜோகன்னஸ்பர்க்குக்குத் தென்கிழக்கே, நைஜெல் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மாரிவேல் சரணாலயத்தில் என்னை இடத்தைவிட்டு அசையவிடாமல் செய்தது அது கூடு கட்டும் அழகு.

நம் தூக்கணாங்குருவியின் குடும்பம்தான் இதுவும். நீளம் சுமார் 11 செ.மீ. நான் போனது டிசம்பரில். அங்கே அது கோடை, இனப்பெருக்கக் காலம். பார்வையாளர் மறைவிடத்துக்கு வெகு அருகில் ஓர் ஆண். நாணல் இலையின் ஓரத்தை அலகால் கவ்விக் கடித்தது, கவ்வியபடியே பறந்தது. பறந்த வேகத்தில் இலையிலிருந்து நீளமாக ஒரு நார் உரிந்து வந்தது. நிமிர்ந்து நின்ற இரண்டு தண்டுகளுக்கு நடுவே நாரை வளைத்து முடிந்து, முதலில் ஒரு வளையம். பிறகு அதிலேயே உட்கார்ந்து பின்னிக்கொண்டே போனது. தூக்கணாங்குருவிக் கூடு போல் இது தொங்குவதில்லை. தண்டுகளோடு சேர்ந்து நிற்கிறது. வாசல் பக்கவாட்டில், மேல்புறமாக.

பெண் பறவைக்குச் சிவப்பே கிடையாது. தவிட்டு நிறம், உடலெங்கும் கோடுகள். ஒன்று வந்து நாணலில் உட்கார்ந்ததுமே ஆண் இறகுகளை உப்பிக்கொண்டு, பந்து போல் உருண்டு, ரீங்காரமிட்டபடி அவளைச் சுற்றிப் பறந்தது. அவள் கூட்டுக்குள் தலையை நீட்டிப் பார்த்தாள், போய்விட்டாள். இப்படி ஏற்கப்படாத கூடுகள் ஏராளம். ஆண் சளைக்காமல் அடுத்ததைத் தொடங்குகிறது. கூட்டை ஏற்றுக்கொள்ளும் பெண் உள்ளே மெல்லிய புல்லால் மெத்தை அமைத்து, நீலமான முட்டைகளை இடுகிறாள். அடைகாப்பது, இரை ஊட்டுவது எல்லாம் அவள் ஒருத்திதான். உண்மையில் என் வியப்பில் பெரும்பங்கு அந்தத் தவிட்டு நிறத்துக்காரிக்கே. போதாக்குறைக்கு டிடெரிக் குயில் வேறு இந்தக் கூடுகளில் திருட்டுத்தனமாக முட்டையிட அலைகிறது.

இங்கே போக நினைப்பவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள், காலையிலேயே போய்விடுங்கள். ஜூன், ஜூலையில் ஆணும் சிவப்பை உதிர்த்துவிட்டுத் தவிட்டு நிறத்துக்கு மாறிவிடும். கூட்டத்தில் எது ஆண், எது பெண் என்று பிரித்தறிவது மிகக் கடினம்.