கலைச்சொல் தேவை: ‘எஞ்சின் ஸ்வாப்’ – பொறிமாற்றமா, பொறிபெயர்ப்பா?

மடல் 1 – மொழிபெயர்ப்பாளர்

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு பிக்கப் வண்டியின் நான்கு சிலிண்டர் எஞ்சினையும் தானியங்கிக் கியர் பெட்டியையும் கழற்றிவிட்டு, பெரிய வி-8 எஞ்சினையும் கையால் கியர் போடும் ஐந்து கியர் பெட்டியையும் ஏற்றுவது எப்படி என்று ஒரு கையேடு. அதைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கூடவே காணொளியும் உண்டு, அதற்குத் துணைவரிகள் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

தலைப்பிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன். ‘எஞ்சின் ஸ்வாப்’ என்பதற்கு முதலில் ‘எஞ்சின் மாற்றம்’ என்று போட்டேன். படித்த தோழி, “பழுதானதை எடுத்துவிட்டு அதே மாதிரி புதிது போடுவதா?” என்று கேட்டாள். அதுவல்ல. வருவது வேறு குடும்பத்து எஞ்சின், அந்த வண்டிக்கென்று செய்யப்படாதது. அந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும். ‘மேனுவல் டிரான்ஸ்மிஷன்’, ‘அடாப்டர் பிளேட்’ இரண்டுக்கும் சொல் வேண்டும். பார்ப்பவர் ஸ்பானரும் கையுமாக இருப்பார். துணைவரியில் இடமும் குறைவு. இவற்றை மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

மடல் 2 – தமிழாசிரியர்

அன்புள்ள மகளுக்கு,

முதலில் எஞ்சினை விடுவோம். பொறி என்னும் அருமையான சொல் இருக்கிறது. பொறியியல் என்று படிக்கிறோம், பொறியாளர் என்று அழைக்கிறோம், பொறியை மட்டும் எஞ்சின் என்கிறோம். சிலப்பதிகாரத்தில் மதுரையின் மதில்மேல் இருந்தவை பொறிகளே. “வளைவிற் பொறியும் கருவிர லூகமும்” என்று அடுக்குகிறார் அடிகள். சிந்தாமணியில் விசயை ஏறிப் பறந்தது மயிற்பொறி. எலியைப் பிடிப்பதும் பொறி. இன்னொரு வியப்பும் உண்டு. ஆங்கில எஞ்சினுக்கு மூலமான இலத்தீன் சொல்லுக்குக் கூர்மதி என்று பொருள். இடைக்கால ஆங்கிலத்தில் அதே சொல் சூழ்ச்சிக்கும், கண்ணிக்கும், கோட்டையைத் தாக்கும் கருவிக்கும் வழங்கியது. நம் பொறியும் மதிலிலிருந்து எலிவளை வரை அதே வழியில்தான் நடந்திருக்கிறது. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பாராமலே ஒரே எண்ணத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

என் பரிந்துரை: பொறிபெயர்ப்பு. ஒரு மொழியிலிருந்து பொருளைப் பெயர்த்து இன்னொன்றில் வைப்பது மொழிபெயர்ப்பு. ஓர் ஊர்தியிலிருந்து பொறியைப் பெயர்த்து இன்னொன்றில் வைப்பது பொறிபெயர்ப்பு. ‘வேறிடத்திலிருந்து வந்தது’ என்ற கருத்து பெயர்த்தலுக்குள்ளேயே இருக்கிறது.

மடல் 3 – பட்டறைக்காரர்

ஐயாவுக்கு வணக்கம். சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலை செய்கிற இடத்தில் பொறி என்றால் தீப்பொறி. பிளக்கில் பொறி வருகிறதா என்று பார் என்போம். எஞ்சினையும் பொறி என்றால் ‘பொறியில் பொறி வரவில்லை’ என்று எழுத நேரும். டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக்கே கிடையாது, காற்றை அழுத்தும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். அதை எப்படிச் சொல்வது?

நாங்கள் பேசுவதைச் சொல்கிறேன். எஞ்சின் வேலைக்கு வந்தால் ‘எஞ்சின் இறக்கணும்’ என்போம். பிரித்துச் சரிசெய்து அதையே திரும்ப ‘ஏத்துவோம்’. இந்த ஸ்வாப் வேலைக்கு ‘வேற எஞ்சின் ஏத்துறது’. மாற்றுவது என்று சொல்வதைவிட ஏற்றுவது என்பதுதான் வாயில் வரும்.

அதை ஏன் ‘மாற்றம்’ என்ற ஒரு சொல்லில் அடக்க முடியாது என்பதற்கு வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எஞ்சின் உட்காரும் மவுன்ட் வேறு இடத்தில் இருக்கும், சட்டத்தில் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி முன் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும், வேறு வடிவத் தொட்டி போட வேண்டும். தானியங்கி வண்டியில் கிராங்க் முனையில், அதாவது எஞ்சினின் சுழல்தண்டு முனையில், மெல்லிய தகட்டுச் சக்கரம்தான் இருக்கும். கிளச்சு போட வேண்டுமானால் அதை எடுத்துவிட்டு, உராயும் முகம் உள்ள கனமான ஃபிளைவீல் போட வேண்டும். கியர் பெட்டியின் உள்தண்டு முனையைத் தாங்க, கிராங்கின் நடுத்துளையில் பைலட் பேரிங் ஒன்று வேண்டும். தானியங்கியோடு வந்த கிராங்கில் சில சமயம் அதற்குத் துளையே கடைந்திருக்காது.

எஞ்சினின் போல்ட் துளையும் பெட்டியின் போல்ட் துளையும் ஒத்துவராவிட்டால் நடுவில் அடாப்டர் பிளேட். அது வந்தபின் மையம் சரியாக இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். பொதுவாக 0.005 அங்குலத்துக்குமேல், அதாவது சுமார் 0.13 மில்லிமீட்டருக்குமேல் மையம் விலகிய ஓட்டம் இருக்கக்கூடாது என்பது கணக்கு. இதை விட்டுவிட்டால் பேரிங் தேயும், கியர் தானாக நழுவும். கிளச்சு மிதி புதிதாக வரும், மிதிக்கும் அழுத்தத்தைக் கிளச்சுக்குக் கடத்த மேல் சிலிண்டரும் கீழ் சிலிண்டரும் வரும். புதுப் பெட்டியின் நீளம் வேறு என்பதால் பெட்டியிலிருந்து சுழற்சியைச் சக்கரப் பக்கம் கொண்டுபோகும் புரொப்பல்லர் தண்டை வெட்டியோ நீட்டியோ மறுபடி சமன் பார்க்க வேண்டும். தானியங்கிப் பெட்டியின் எண்ணெயைக் குளிரவைக்க ரேடியேட்டருக்குப் போன குழாய்களுக்கு இனி வேலை இல்லை.

இத்தனையும் சேர்ந்த வேலைக்குத்தான் தங்கச்சி சொல் கேட்கிறார்.

மடல் 4 – விரிவுரையாளர் (இயந்திரவியல்)

பட்டறைக்காரர் சொன்னதை அப்படியே வகுப்பில் வாசிக்கப்போகிறேன். பாடநூலில் ‘பொறி’ இருக்கிறது, தேர்விலும் எழுதுகிறார்கள். ஆனால் மாணவர்கள் எஞ்சின் என்றுதான் நினைக்கிறார்கள், பிறகு பொறி என்று திருத்திக்கொள்கிறார்கள். அந்தத் திருத்தத்திற்கு ஆகும் ஒரு நொடி, ஜாக்கின்மேல் வண்டி நிற்கும்போது இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஐயா. ‘பொறிபெயர்ப்பு’ என்று துணைவரியில் வந்தால் பாதிப்பேர் ‘மொழிபெயர்ப்பு’ என்பதன் அச்சுப்பிழை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பட்டறைச் சொல்லிலிருந்தே எடுத்தால் என்ன? மாற்று + ஏற்றம் = மாற்றேற்றம். எஞ்சின் மாற்றேற்றம். இறக்கி அதையே ஏற்றுவது மறு ஏற்றம், மாற்றானதை ஏற்றுவது மாற்றேற்றம். வேறுபாடும் கிடைக்கிறது.

மடல் 5 – தனித்தமிழ் ஆர்வலர்

> எஞ்சின் மாற்றேற்றம்

பாதி ஆங்கிலம், பாதி தமிழ். இப்படி ஒட்டுப்போடத்தான் இந்தக் குழுவா? எஞ்சின் என்று எழுத ஒப்புக்கொண்டால் நாளை கியர், கிளட்ச், ஷாஃப்ட் எல்லாம் வரிசையில் வரும். கியருக்குப் பல்லிணை இருக்கிறது, கிளட்சுக்கு விடுபற்றி இருக்கிறது. விட்டுப் பற்றுவது விடுபற்றி. இதைவிடத் தெளிவாக அந்தப் பாகத்தின் செயலை ஒரு சொல் சொல்ல முடியுமா? பொறி பிடிக்கவில்லை என்றால் இயந்திரம் என்றாவது போடுங்கள். அது இயங்கு என்ற வேரில் பிறந்த தூய தமிழ். வடமொழிக்கு நாம் கொடுத்தது.

மடல் 6 – விரிவுரையாளர்

விடுபற்றி நல்ல சொல், அதில் எனக்கு மறுப்பில்லை. இயந்திரம் பற்றி மறுப்பு உண்டு. வடமொழியில் ‘யந்த்ர’ என்பது கட்டுப்படுத்துதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து அவர்கள் மொழியிலேயே முறையாக வருகிறது. நம் பக்கம் ‘இயங்கு’ வரை சரி, ‘திரம்’ எங்கிருந்து வந்தது என்று யாரும் காட்டவில்லை. காட்ட வேண்டிய தேவையும் எனக்குத் தெரியவில்லை. ஐங்குறுநூற்றிலேயே “கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்” என்று இருக்கிறது. ஆலை போடும் ஓசை யானைக்கு எதிர்க்குரல் கொடுப்பதாகப் பாடிய புலவருக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்ற கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

கடன் வாங்குவதற்கும் இலக்கணம் இருக்கிறது. தொல்காப்பியர் “எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே” என்றார். நம் எழுத்துக்குள் வந்து உட்கார்ந்தால் ஏற்கலாம். கியர்: ரகர ஒற்றில் தமிழ்ச்சொல் முடியும், தேறுகிறது. எஞ்சின்: னகர ஒற்று, தேறுகிறது. கிளட்ச்: சகர ஒற்றில் தமிழ்ச்சொல் முடியாது, முன்னால் டகர ஒற்று வேறு. பட்டறைக்காரர் எழுதியது போலக் கிளச்சு என்றால் தேறிவிடும். கற்றவர்கள் கிளட்ச் என்று எழுதுகிறோம், அவர் தமிழ் இலக்கணப்படி எழுதியிருக்கிறார்.

மடல் 7 – ஈழத்து உறுப்பினர்

வணக்கம். நாங்கள் சக்கரத்தைச் சில்லு என்போம். பல்லிணையைவிடப் பற்சில்லு காதுக்கும் கண்ணுக்கும் உடனே பிடிபடும். பெரியோர் யோசித்துப் பாருங்கோ.

ஸ்வாப்புக்கு ஒன்று தோன்றினது: கூடுபாய்தல். கூடுவிட்டுக் கூடு பாய்வது சித்தர் கதைகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. ஓர் ஊர்தியின் உயிர் இன்னோர் உடம்புக்குள் போகுது.

மடல் 8 – பட்டறைக்காரர்

அண்ணே, கேட்டவுடன் பிடித்துவிட்டது. ஆனால் கூடு பாய்கிறவருக்குப் புது உடம்பு அப்படியே பொருந்திவிடும். இங்கே உடம்பையும் வெட்டி, ஒட்டி, வயர் இழுத்து மாற்ற வேண்டியிருக்கிறது. பாய்தல் என்றால் ஒரு மூச்சில் முடிவதாக நினைத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் ஆகும் வேலை.

மடல் 9 – மொழிபெயர்ப்பாளர்

எல்லோருக்கும் நன்றி. பற்சில்லு எனக்கும் பிடித்திருக்கிறது. ‘மேனுவல்’ இன்னும் பாக்கி. ‘கைமாற்றுப் பெட்டி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். கையால் மாற்றுவது. சரியா?

மடல் 10 – பட்டறைக்காரர்

தங்கச்சி, கைமாற்று என்றால் சீட்டு எழுதாமல் வாங்கும் கடன். ‘கைமாற்றுப் பெட்டி போட்டேன்’ என்றால் யாரிடம் வாங்கினாய் என்றுதான் கேட்பார்கள். கைக்கியர் போதும்.

மடல் 11 – தமிழாசிரியர்

தம்பி சொல்வது சரி. “கைம்மாறு வேண்டா கடப்பாடு” என்ற குறளில் கைம்மாறு திரும்பச் செய்யும் உதவி. கைமாற்றோ திரும்பக் கொடுக்க வேண்டிய பணம். இரண்டிலும் திரும்புதல் இருக்கிறது. கியரிலும் முன்பின்னாகத் திரும்புதல் உண்டு என்று வாதிடலாம், ஆனால் வாதிட மாட்டேன்.

தானியங்கி பற்றி ஒன்று. மகளின் முதல் மடலில் அந்தச் சொல்லைக் கண்டேன். தானியம் என்று படித்துத் தடுக்குகிறது என்று பலர் தன்னியக்கி என்று எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. தான் + இயங்கி: தான் எழுவாய், இயங்குதல் தன்வினை. தன் + இயக்கி: தன்னைத்தான் இயக்குவது, இயக்குதல் பிறவினை. தானியங்கிக் கியர் பெட்டி எந்த வகை? பெட்டி தன்னை இயக்கிக்கொள்வதில்லை, எஞ்சின்தான் அதை இயக்குகிறது. பெட்டிக்குள் கியர் தானே மாறுகிறது, அவ்வளவே. ஆகவே தானியங்கியும் பிழை, தன்னியக்கியும் பிழை. மாறு தன்வினை, மாற்று பிறவினை. கியர் தானே மாறினால் தான்மாறி, நாம் மாற்றினால் கைம்மாற்றி. தமிழ் இந்த வேறுபாட்டை ஒரே ஒற்றில் காட்டிவிடுகிறது. இதை வீணாக்கலாமா?

மடல் 12 – விரிவுரையாளர்

ஐயா, இலக்கணம் குற்றமற்றது. ஆனால் தானியங்கியை இப்போது எடுத்துவிட்டால் பணம் எடுக்கும் இயந்திரம் முதல் கதவு வரை எல்லாவற்றையும் திருத்த வேண்டும். வெள்ளிக்குள் முடியாது. தானியங்கி இருக்கட்டும்.

மடல் 13 – தமிழாசிரியர்

நேற்றிரவு தம்பியின் மூன்றாம் மடலை மறுபடி படித்தேன். படிக்கப் படிக்க அது புணரியல் பாடமாகத் தெரிந்தது.

வண்டி நிலைமொழி. எஞ்சின் வருமொழி. இரண்டும் சேரும்போது “தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம்” என்கிறது நன்னூல். கிளச்சு மிதி புதிதாக வருகிறது, அது தோன்றல். தண்டின் நீளமும் எண்ணெய்த் தொட்டியின் வடிவமும் வேறாகின்றன, அவை திரிதல். ரேடியேட்டருக்குப் போன குழாய் நீங்குகிறது, அது கெடுதல். இயல்புப் புணர்ச்சி என்றால் அதே எஞ்சினைத் திரும்ப ஏற்றுவது. எந்த மாற்றமும் இல்லாமல் சேரும். மகள் முதல் மடலில் கேட்ட வேறுபாடு இயல்புக்கும் விகாரத்துக்கும் உள்ள வேறுபாடு.

அப்படியானால் அடாப்டர் பிளேட் எது? உயிரும் உயிரும் நேரே சேர முடியாதபோது நடுவில் யகரமோ வகரமோ வந்து நிற்கிறது. அது நிலைமொழிக்கும் சொந்தமில்லை, வருமொழிக்கும் சொந்தமில்லை. இரண்டையும் உடம்படுத்துவதே அதன் வேலை. உடம்படுமெய். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் நிற்பது உடம்படு தகடு.

மடல் 14 – பட்டறைக்காரர்

ஐயா, இதைக் கையெடுத்து ஏற்றுக்கொள்கிறேன். உடம்படு தகடு. இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ள வைக்கிற தகடு. சொன்னவுடன் என்ன வேலை செய்கிறது என்று தெரிகிறது. நாளை முதல் நான் இப்படித்தான் சொல்வேன். ஒன்று மட்டும்: தகடு என்றவுடன் மெல்லியது என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல கனம் இருக்கும்.

மடல் 15 – தனித்தமிழ் ஆர்வலர்

உடம்படு தகட்டுக்கு என் முழு ஒப்புதல். இப்படி ஒன்றை நம்மால் ஆக்க முடியும்போது எஞ்சினை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.

மடல் 16 – மொழிபெயர்ப்பாளர்

வியாழன் இரவு ஆகிவிட்டது. எண்ணிப் பார்த்ததில் மாற்றேற்றத்துக்கு நால்வர், பொறிபெயர்ப்புக்கு இருவர், கூடுபாய்தலுக்கு ஒருவர். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்திருக்கிறேன். கோப்பில் இப்படிப் போகிறது: எஞ்சின் மாற்றேற்றம், கைக்கியர்ப் பெட்டி, தானியங்கிக் கியர் பெட்டி, கிளச்சு, உடம்படு தகடு. விடுபற்றியைப் படத்தோடு முதலில் வரும் இடத்தில் ஒருமுறை சேர்த்திருக்கிறேன். பற்சில்லுக்கு, பெட்டியைப் பிரித்துக் காட்டும் பகுதியில் இடம் கிடைத்தது.

மாற்றேற்றம் எனக்கு முழு நிறைவு தரவில்லை. ஆனால் தோழியிடம் மறுபடி காட்டியபோது “வேறு எஞ்சினா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.

மடல் 17 – தமிழாசிரியர்

மகளே, நன்றாகப் போகட்டும். ஏற்றம் என்றால் நீர் இறைப்பதும் உண்டு, உயர்வும் உண்டு. சிறியதை இறக்கிப் பெரியதை ஏற்றுவதால் உயர்வு பொருந்தும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். பெரிய எஞ்சினை இறக்கிச் சிறியதை வைத்தால் என்ன சொல்வீர்கள்? பொறிபெயர்ப்பு இரண்டுக்கும் பொருந்தும். என் சொற்பட்டியலில் அதுவே இருக்கும்.

மடல் 18 – பட்டறைக்காரர்

அதற்கும் ஏற்றுவது என்றுதான் ஐயா சொல்வோம். எஞ்சின் சிறிதானாலும் கீழிருந்து தூக்கித்தானே வைக்கிறோம்.

தங்கச்சி, ஐந்தாம் கியரை ‘ஓவர்டிரைவ்’ என்று அப்படியே விட்டிருக்கிறீர்களா? எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது வெளித்தண்டு ஒன்றுக்குமேல் சுற்றும். அதற்கு என்ன சொல்வது?