பழைய காரில் ஹீட்டர் சூடாக மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது இருபது வருடப் பழைய பெட்ரோல் கார். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அரை மணி நேரம் ஓட்டினாலும் உள்ளே வெதுவெதுப்புகூட வருவதில்லை. பின் சீட்டில் மகள் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

மெதுவாகப் போகும்போது வெப்பநிலை முள் பாதி வரை ஏறுகிறது. நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் மளமளவென்று இறங்கிவிடுகிறது. தெர்மோஸ்டாட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ரேடியேட்டருக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் வால்வு) திறந்தபடியே சிக்கிக்கொண்டது என்று நினைக்கிறேன். சுமார் 85 டிகிரி வரை அது மூடியிருந்தால்தானே எஞ்சின் சீக்கிரம் சூடாகும்? ஆனால் வண்டியை நிறுத்தியதும் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று நல்ல சூடு, இன்னொன்று சில்லென்று இருந்தது. அப்படியென்றால் ஹீட்டர் கோர், அதாவது சூடான கூலன்ட் ஓடி காருக்குள் வெப்பம் தரும் சின்ன ரேடியேட்டர், அதுவும் அடைத்திருக்குமோ? கூலன்ட் அளவு சரியாக இருக்கிறது, கசிவும் இல்லை.

முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றட்டுமா, கோரைத் தண்ணீர் விட்டு அலசிப் பார்க்கட்டுமா? புதுக் கோர் போட டாஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அப்புறம், குளிர்காற்றைத் தடுக்க ரேடியேட்டர் முன்னால் அட்டை வைக்கச் சொல்கிறார் ஒரு நண்பர். மேடு ஏறும்போது எஞ்சின் கொதித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.