குட்வினின் ஆறு குறிப்புகளைக் கொண்டு இசைக் காணொளிகளை வகைப்படுத்த முடியுமா?

கேள்வி: முதுகலை மாணவி, காட்சித் தொடர்பியல்

அனைவருக்கும் வணக்கம். என் ஆய்வேட்டுக்காக 1980களிலிருந்து இன்றுவரை வெளிவந்த மேலைநாட்டு இசைக் காணொளிகளில் முப்பதைத் தேர்ந்தெடுத்து வகைப்படுத்தி வருகிறேன். ஊடக ஆய்வாளர் ஆண்ட்ரூ குட்வின் இசைக் காணொளிகள் பற்றி 1992இல் வெளியிட்ட நூலிலிருந்து வகுப்பறைகளுக்காகத் திரட்டித் தரப்படும் ஆறு குறிப்புகளையும் அட்டவணையின் தலைப்புகளாக்கினேன். இசை வகைக்குரிய அடையாளங்கள், வரிக்கும் காட்சிக்கும் உள்ள உறவு, இசைக்கும் காட்சிக்கும் உள்ள உறவு, கலைஞரின் முகத்தை அருகில் காட்டவேண்டிய வணிகத் தேவை, பார்த்தல் என்ற செயலுக்குத் தரப்படும் இடம், பிற படைப்புகளைச் சுட்டுதல் என்பவையே அவை. முப்பதையும் பார்த்து முடித்தபோது ஏறக்குறைய எல்லாக் கட்டங்களிலும் சரி என்ற குறியே விழுந்திருக்கிறது.

மேடை நிகழ்ச்சி, கதை, கருத்து என்ற வழக்கமான முப்பிரிவும் கைகொடுக்கவில்லை. ஆ-ஹா குழுவின் 1985ஆம் ஆண்டு ‘டேக் ஆன் மீ’ காணொளியில் குழுவினர் பாடுகிறார்கள். சித்திரக்கதைக்குள் இழுக்கப்படும் பெண்ணின் காதல் கதையும் நடக்கிறது. பென்சில் கோடுகளாலான அசைபடமும் இருக்கிறது. இதை எந்தப் பிரிவில் வைப்பது? ஈ. ஆன் கப்லான் 1987இல் முன்வைத்த ஐந்து வகைகளுக்கு மாறிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். வழிகாட்டுங்கள்.

மறுமொழி 1: ஊடகவியல் ஆசிரியர்

உங்கள் அட்டவணை எங்கே தடுக்கிறது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். குட்வினின் குறிப்புகள் ஒவ்வொரு காணொளியிடமும் கேட்க வேண்டிய கேள்விகள். ‘வரிக்கும் காட்சிக்கும் உறவு உண்டா’ என்று கேட்டால் உண்டு என்றுதான் எப்போதும் பதில் வரும். எப்படிப்பட்ட உறவு என்று கேளுங்கள். வரி சொல்வதைக் காட்சி அப்படியே காட்டுகிறதா, வரியில் இல்லாத பொருளைச் சேர்த்து விரிக்கிறதா, வரிக்குத் தொடர்பே இல்லாமல் விலகி நிற்கிறதா என்று அவரே மூன்றாகப் பிரித்திருக்கிறார். சரிக்குறியை அழித்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்.

ஒரு காணொளியை எடுத்துக்கொள்வோம். டாஃப்ட் பங்க் இரட்டையரின் ‘அரவுண்ட் த வேர்ல்ட்’ பாடலுக்கு மிஷேல் கோந்ரி 1997இல் இயக்கியது அது. பாடலின் வரிகளாக இருப்பவை மூன்றே சொற்கள். அவையே திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. ஆகவே வரியை வைத்துக்கொண்டு இதை அணுகுபவருக்குப் பிடிமானமே கிடைக்காது. ஆனால் வட்ட மேடையில் ஆடுபவர்களைக் குழு குழுவாகப் பாருங்கள். பேஸ் கிட்டார் ஏறி இறங்கும்போது விளையாட்டு வீரர்கள் படிகளில் ஏறி இறங்குகிறார்கள். கீபோர்டின் உச்ச ஒலிக்கு நீச்சலுடைப் பெண்கள் அசைகிறார்கள். எலும்புக்கூடுகள் கிட்டாருக்கும், மம்மிகள் தாள இயந்திரத்துக்கும், வட்டமாக நடக்கும் ரோபோக்கள் இயந்திரமாக்கப்பட்ட குரலுக்கும் உரியவர்கள். ஒரு குழுவை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்தால், அதுவரை கலவையில் கரைந்திருந்த ஒரு கருவி தனியாகக் காதில் விழத் தொடங்கும். முதன்முறை அதை உணர்ந்தபோது நான் காணொளியை நிறுத்திவிட்டு மறுபடி தொடக்கத்திலிருந்து பார்த்தேன். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் என் முதல் வகுப்பு இதுதான். இந்தக் காணொளிக்கு இரண்டாம் கட்டத்தில் ஒரு சொல் போதும், மூன்றாம் கட்டத்தில் ஒரு பக்கம் வேண்டும். கட்டங்கள் இப்படி ஏறுமாறாக நிரம்புவதே உங்களுக்குக் கிடைக்கும் வகைப்பாடு.

கப்லானிடம் மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கற்பனாவாதம், சமூக அக்கறை, மறுப்புவாதம், செவ்வியல், பின்நவீனத்துவம் என்ற அவருடைய ஐந்து வகைகள், திரைப்படக் கோட்பாட்டின் துணையோடு, 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியின் தொடக்க ஆண்டுகளைப் பார்த்து உருவானவை. அத்தகைய அணுகுமுறையில் இசை காணாமல் போகிறது என்பதே குட்வினின் முக்கியமான மறுப்பு. ‘டேக் ஆன் மீ’யைப் பொறுத்தவரை, நிகழ்ச்சி, கதை, கருத்து மூன்றையும் பெட்டிகளாகக் கொள்ளாமல் அளவுகளாகக் கொள்ளுங்கள்.

மறுமொழி 2: படத்தொகுப்பாளர்

ஆசிரியர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். காட்சி எங்கே மாறுகிறது என்பதைப் பாடலின் அமைப்போடு பொருத்திப் பார்ப்பதற்கு உங்கள் அட்டவணையில் இடமே இல்லை. பாடகர் சைல்டிஷ் கேம்பினோவின் 2018ஆம் ஆண்டு ‘திஸ் இஸ் அமெரிக்கா’ காணொளியில், மென்மையான கிட்டாரும் கூட்டுக்குரலும் கனத்த தாளத்துக்கு மாறும் அந்த இடத்தில்தான் முதல் துப்பாக்கி வெடிக்கிறது. அடுத்த நொடிகளில், துப்பாக்கியைச் சிவப்புத் துணியில் பத்திரமாக வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். உடலைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். பாட்டு எங்கே திரும்புகிறதோ அங்கே பொருளும் திரும்புகிறது. 2004இல் வெளிவந்த கேரல் வெர்னாலிஸின் நூலைப் படியுங்கள். இசைக் காணொளியில் கதை பெரும்பாலும் முழுமை பெறாமல் நிற்பதற்கு, காட்சி பாடலின் போக்குக்குப் பின்னால் செல்ல வேண்டியிருப்பதே காரணம் என்பதை அவர் விரிவாக விளக்குகிறார்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு ஐந்து காணொளிகளுக்குக் கட்டங்களை வாக்கியங்களால் நிரப்பிப் பார்த்தேன். ஒன்றுபோல் தெரிந்தவை இப்போது தனித்தனியாகப் பிரிகின்றன. ஒப்பீட்டுக்காகத் தமிழ்த் திரைப்பாடல்கள் சிலவற்றையும் சேர்க்கலாமா?

மறுமொழி 3: திரைப்பட ஆய்வாளர்

சேர்க்கலாம்; ஆனால் நான்காவது கட்டம் அங்கே பொருந்தாது என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். பாடகரை விற்பதற்காக அவர் முகத்தை அருகில் காட்ட வேண்டும் என்பது இசைத்தட்டு நிறுவனத்தின் தேவை. நம் திரைப்பாடலில் குரல் பின்னணிப் பாடகருடையது, முகம் நடிகருடையது. பாடலுக்கு முன்னும் பின்னும் படத்தின் கதை வேறு இருக்கிறது. பாடகி தீயும் பாடகர் அறிவும் தாங்களே தோன்றிப் பாடிய 2021ஆம் ஆண்டு ‘எஞ்சாய் எஞ்சாமி’ போன்ற தனிப்பாடல்களுக்கு குட்வினின் கேள்விகளை நேராகவே கேட்கலாம். திரைப்பாடல்களுக்கு அந்தக் கட்டத்தின் தலைப்பை ‘யாருடைய முகம், யாருடைய குரல்’ என்று மாற்றி, பதிலை இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள்.