புதுப்பிப்பு: சித்தப்பாவின் பாட்காஸ்டில் எதிரொலியும் குறைந்த சத்தமும் தீர்ந்தன

தமிழ் வானொலியில் நெடுங்காலம் அறிவிப்பாளராக இருந்த என் சித்தப்பா, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து பாட்காஸ்ட் தொடங்குகிறார், பதிவில் எதிரொலி கேட்கிறது, சத்தமும் குறைவு என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

எதிரொலியை நீக்கியது, அறையின் ஒலியையும் நுட்பமாகப் பிடிக்கும் கண்டென்சர் மைக்கை விட்டு, அருகில் பேசும் குரலையே அதிகம் பிடிக்கும் டைனமிக் மைக்குக்கு மாறச் சொன்னவரின் ஆலோசனை. வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வைத்தோம். சுவரில் பஞ்சு ஒட்டியதில் பெரிய பலன் இல்லை. துணி அலமாரியைத் திறந்துவைத்து, அதற்கு முதுகைக் காட்டி அவர் அமர்ந்ததும் அறை அடங்கியது. அந்தப் பழைய கம்பீரக் குரல் அப்படியே வந்தது!

சத்தத்துக்கு, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் லவுட்னஸ் நார்மலைசேஷன் (சத்த அளவைச் சீராக்கும் வசதி): மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு). ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் பரிந்துரைப்பதும் இதுவே. மோனோ பதிவு (ஒரே ஒலித்தடம்) என்றால், அதை இரட்டை மோனோவாகக் கருதும் தெரிவு இயங்குகிறதா என்று பாருங்கள். பிறகு லிமிட்டர் (உச்சச் சத்தம் எல்லை மீறாமல் தடுப்பது), மைனஸ் 1 டெசிபெல்.

எதிர்பாராதது பாடல்கள். வானொலி நிலையம் பெற்றிருக்கும் பாடல் உரிமம் நம் பாட்காஸ்டுக்குப் பொருந்தாது. பாடல் இல்லாத நிகழ்ச்சியா என்று சித்தப்பா மிகவும் வருந்தினார். அந்த இடத்தை இப்போது நேயர்களின் வாட்ஸ்அப் குரல் பதிவுகள் நிரப்புகின்றன. செந்தூலிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் அவருடைய பழைய நேயர்களே அனுப்புகிறார்கள். என்னைக் கேட்டால், பாடல்களைவிட இவை நிகழ்ச்சிக்கு உயிரூட்டுகின்றன. அந்தக் குரல் பதிவுகள் ஓபஸ் என்ற ஒலிக்கோப்பு வடிவில் வருவதால் முதலில் திறக்கவில்லை. பலவகை ஒலிக்கோப்புகளைத் திறக்க உதவும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் நூலகத்தை நிறுவிய பின் ஆடாசிட்டியிலேயே திறந்தன.