‘இயாத்ரோஸ்’: குணமாக்குநரா, மருத்துவரா?

அன்புடையீர், வணக்கம்.

விவிலியக் கலைச்சொற் பட்டியலில் ‘இயாத்ரோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் ‘குணமாக்குநர்’ என்று ஐயா ஒருவர் பரிந்துரைத்திருக்கிறார். குணமாக்குதலைக் குறிக்கும் ‘இயாவொமாய்’ என்ற வினையிலிருந்து அச்சொல் பிறந்தது என்பது அவர் காட்டும் காரணம். பிறப்பு சரியே. ஆயினும் புதிய ஏற்பாட்டில் அது ஆளப்படும் இடங்களை நோக்கினால், குணமாக்கினாரா என்பதைப் பாராமல் ஒரு தொழிலையே அது சுட்டுகிறது என்பது விளங்கும். ஆகவே ‘மருத்துவர்’ என்பதையே முதற்சொல்லாகக் கொள்ளவேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

மாற்கு 5:26 இதற்குப் போதிய சான்று. 12 ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்திய பெண், இயாத்ரோஸ் பலரிடம் மிகவும் துன்பப்பட்டு, கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தும் பயன் காணாமல், முன்னிலும் கேடான நிலையை அடைந்தாள் என்கிறது அவ்வசனம். இங்கே ‘குணமாக்குநர் பலரிடம்’ என்று எழுதினால் வாக்கியம் தன்னையே மறுத்துவிடும். மூன்று வசனம் தள்ளி 5:29இல், இயேசுவின் ஆடையைத் தொட்டபின் அவள் குணமடைந்ததைச் சொல்ல மாற்கு ஆளும் ‘இயாத்தாய்’ என்ற வினைவடிவம் அதே வேரினது. அந்த வேரால் பெயர்பெற்ற மருத்துவர்களால் ஆகாதது அங்கே நிகழ்ந்துவிடுகிறது. மாற்கு இதைக் கருதியே எழுதினாரோ, இல்லையோ, மூலத்தைப் படிப்பவர் செவிக்கு இந்த ஒலியுறவு எட்டும். அதைக் காக்கவேண்டும் என்ற ஐயாவின் ஆர்வம் எனக்கும் உண்டு. ஆனால் அதற்கு உரிய இடம் அடிக்குறிப்பு. கலைச்சொல்லின் மேல் அந்தச் சுமையை ஏற்றலாகாது.

லூக்கா 4:23இல் வரும் பழமொழியும் இதையே காட்டுகிறது. ‘மருத்துவரே, உம்மையே குணமாக்கிக்கொள்ளும்’ என்பதில் உள்ள வினை ‘தெரப்பெயுவோ’. பணிவிடை செய்தல் என்பது அதன் பழம்பொருள், திருத்தூதர் பணிகள் 17:25இல் அப்பொருளிலேயே வருகிறது. ‘குணமாக்குநரே, குணமாக்கிக்கொள்ளும்’ என்று பெயர்த்தால், மூலத்தில் இல்லாத சொல்லுறவு ஒன்றைத் தமிழில் நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம். மத்தேயு 9:12, மாற்கு 2:17, லூக்கா 5:31 ஆகியவற்றில் நோயுற்றவர்க்கே இயாத்ரோஸ் தேவை என்னும் கூற்று வருகிறது. கொலோசையர் 4:14 லூக்காவின் தொழிலைச் சொல்கிறது. எஞ்சிய லூக்கா 8:43இல், மருத்துவருக்குச் செலவழித்ததைச் சொல்லும் தொடர் வத்திக்கான் சுவடி முதலிய சில பழஞ்சுவடிகளில் இல்லை. ‘ஒரே மருத்துவர்’ என்று கிறிஸ்துவையே வெளிப்படையாக அழைப்பவர், நற்செய்தி நூல்களுக்குப் பின் எபேசியருக்கு மடல் எழுதிய அந்தியோக்கியா ஆயர் இக்னாசியார். அப்பொருளைத் தனி உட்பொருளாகப் பதியலாம், நற்செய்தி நூல்களுக்குள் பின்னோக்கிப் புகுத்தலாகாது.

இச்சொல்லுக்கு ‘தீர்ப்பான்’ (நோயைத் தீர்ப்பவன்) என்ற மற்றொரு பரிந்துரை என்னை நெடுநேரம் எண்ணவைத்தது. ‘உற்றவன் தீர்ப்பான்’ என்று 950ஆம் குறள் மருத்துவனை அவன் செயலாலேயே பெயரிடுகிறது. ஆக்கத்தில் இயாத்ரோஸுக்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நியாயத்தீர்ப்பு பயின்றுவரும் விவிலியத் தமிழில் ‘தீர்ப்பான்’ என்றால் படிப்பவர் மனம் நடுவரிடமே செல்லும். அருமையான சொல்லாயினும் இங்கே விட்டுவிடத்தான் வேண்டும்.

‘வைத்தியர்’ என்பதை ஒதுக்கிவிட நான் சொல்லமாட்டேன். பழைய திருப்புதலில், அதாவது விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், ‘வைத்தியன்’ என்றே இருக்கிறது. இலங்கையில் இன்றும் வைத்தியர், வைத்தியசாலை என்பனவே பொதுவழக்கு. தமிழ்நாட்டிலோ அச்சொல் பெரும்பாலும் சித்த, நாட்டு மருத்துவம் செய்வோரைக் குறிப்பதாகச் சுருங்கிவருகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு ‘மருத்துவர்’ என்றே கொண்டது. மேலும் இதே கிரேக்க வேரைக் கொண்ட சைக்கியாட்ரி, பீடியாட்ரிக்ஸ் ஆகியவற்றை ‘உளமருத்துவம்’, ‘குழந்தை மருத்துவம்’ என்று வழங்கிவருவதால், விவிலியப் பட்டியலும் மருத்துவப் பட்டியலும் ஒரே அடிச்சொல்லில் நிற்கும்.

எனவே பதிவை இவ்வாறு அமைக்கலாம்: ‘இயாத்ரோஸ்: மருத்துவர், வைத்தியர் (இலங்கை வழக்கு, பழைய திருப்புதல்). நோய்க்கு மருந்தளிப்பதைத் தொழிலாகக் கொண்டவர். மாற்கு 5:26, 29 ஒலியுறவுக்குக் குறிப்புக் காண்க.’ மறுப்புடையோர் மேற்கண்ட வசனங்களில் எதில் இச்சொல் பொருந்தவில்லை என்று சுட்டினால், அதைக் கொண்டு மேலே பேசலாம்.