தானியங்கி சோப்புக் குப்பி வீட்டுக்குத் தேவையா?

கேள்வி:
மாவு பிசைந்த கையோடு சோப்புக் குப்பியை அழுத்தினால் அதன் தலையெல்லாம் பிசுபிசுக்கிறது. கை நீட்டினாலே சோப்பு விழும் கருவியை வாங்கலாமா?

பதில் 1:
சமையலறைக்குக் கட்டாயம் வாங்குங்கள். அகச்சிவப்புக் கதிர் கையில் பட்டுத் திரும்பியதும் உள்ளிருக்கும் சிறு மோட்டார் சோப்பைத் தள்ளும். சோப்பை நுரையாகத் தரும் வகையில் தண்ணீர் கலந்த சோப்பையே ஊற்ற வேண்டும். நான் கெட்டியாக ஊற்றிவிட்டேன். சோப்பு கருவியின் மூக்கில் உறைந்து அடைத்துக்கொண்டது. வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பி ஐந்தாறு முறை ஓடவிட்ட பிறகே வழிவிட்டது. பேட்டரி அறைக்குள் ஈரம் புகவே கூடாது. என் முதல் கருவி அப்படித்தான் துருப்பிடித்துப் போனது.

பதில் 2:
என் அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வலி. குப்பியை அழுத்த என்னைக் கூப்பிடுவார். இந்தக் கருவி வந்த பிறகு கூப்பிடுவதில்லை.

கேட்டவர்:
நன்றி. சமையலறைக்கு மட்டும் ஒன்று வாங்குகிறேன்.