அசெம்பிள் செய்த கணினிக்கு வண்ண விளக்கு எதற்கு?

கருங்குயில் (தொடக்கப் பதிவு)

சென்ற மாதம் உதிரிப் பாகங்களை வாங்கி, புதிய கணினி ஒன்றை நானே பூட்டினேன். அதற்காக ரிச்சி தெருவில் ஏறி இறங்கிய கடைகளில் விளக்கு இல்லாத விசிறியைக் கேட்டபோதெல்லாம், சமையலுக்கு உப்பில்லாத உப்பைக் கேட்டவனைப் போல என்னைப் பார்த்தார்கள். விசிறியில் விளக்கு, மதர்போர்டில் விளக்கு, போதாததற்கு ராம் என்னும் நினைவகத்திலும் விளக்கு. இவற்றுள் எதுவும் கணினியின் வேகத்தை இம்மியளவும் கூட்டுவதில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் சீரியல் செட் தொங்கினால், விருந்தினருக்கு வழி தெரிய வேண்டும் என்றாவது சொல்லலாம். மேசைக்கடியில் கிடக்கும் பெட்டிக்கு யார் வரப்போகிறார்கள்? விளக்கை விரும்புகிறவர்கள் அதில் என்ன காண்கிறார்கள் என்பதை மெய்யாகவே அறிய விரும்புகிறேன்.

மாடிப்பட்டறை

நண்பரே, ஆயுத பூசையன்று உங்கள் கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பீர்களா, மாட்டீர்களா? அதனாலும் வேகம் கூடுவதில்லை. வீட்டில் இருக்கும் குளிர்பதனப் பெட்டியையோ துணி துவைக்கும் இயந்திரத்தையோ நாம் பூட்டவில்லை. கணினி ஒன்றைத்தான் திருகாணி திருகாணியாக நம் கையால் பூட்டுகிறோம். தான் பூட்டியதை அலங்கரிக்க வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றுவதற்கு அதுவே போதுமான காரணம்.

இந்த ஆசை நேற்று முளைத்ததும் அன்று. 2004இல் நான் என் முதல் கேபினெட்டின் பக்கத் தகட்டை ரம்பத்தால் அறுத்து, அதில் அக்ரிலிக் தகடு பொருத்தி, உள்ளே ஒரு குளிர் கதோடு குழல் விளக்கை மாட்டினேன். பென்சில் பருமன்கூட இல்லாத அந்தக் குழலுக்குப் பல நூறு வோல்ட் தேவைப்படும். அதற்கென ஒரு சிறிய இன்வெர்ட்டர் உள்ளே கீச்சென்று ஒலித்துக்கொண்டே இருக்கும். அறுத்த விளிம்பு கையைக் கீறிய தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த நீல வெளிச்சம் அறைச் சுவரில் விழுந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கருங்குயில்

தாங்கள் சொன்னதே என் கட்சிக்கு வலுச் சேர்க்கிறது. தகட்டை அறுத்தவர் தாங்கள், தழும்பும் தங்களுடையது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். இன்றோ கண்ணாடிக் கதவும் விளக்கும் தொழிற்சாலையிலிருந்தே வந்துவிடுகின்றன. பெட்டியின் மேல் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் நிறங்கள் என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் எந்த வீட்டுக் கணினியைப் பார்த்தாலும் அதே வானவில்தான் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. லாரியின் பின்புறத்தில் ஓவியர் வரையும் தாமரையில் அவர் கை தெரியும். இந்த வானவில்லில் யார் கை தெரிகிறது?

மூன்றுமுள்

கணினி பூட்டித் தருவதே என் தொழில் என்பதால், தத்துவத்தை உங்கள் இருவருக்கும் விட்டுவிட்டு ஒயரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விளக்குள்ள ஆறு விசிறிகளென்றால், பெரும்பாலும் ஒவ்வொன்றிலிருந்தும் சுழற்சிக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று என இரண்டு ஒயர்கள் புறப்படும். பன்னிரண்டையும் பின்தகட்டுக்கும் கதவுக்கும் இடையிலுள்ள இரண்டு விரற்கடை இடத்தில் படுக்க வைப்பதற்குள் மாலையாகிவிடும். மதர்போர்டில் விளக்குக்கென இருவகை இணைப்புகள் உண்டு: நான்கு முள் கொண்டது 12 வோல்ட், மூன்று முள் கொண்டது 5 வோல்ட். 5 வோல்ட் விளக்குப் பட்டையை அவசரத்தில் நான்கு முள் இணைப்பில் அழுத்திச் செருகி, கண்மூடித் திறப்பதற்குள் கருக்கிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. அப்படிக் கருக்கியவர்களும் அடுத்த முறை விளக்கு வேண்டாம் என்று சொன்னதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மாடிப்பட்டறை

கருங்குயில் அவர்களே, வானவில் ஓடுவது விளக்கின் குற்றமன்று; அதை மாற்றாமல் விட்டவரின் சோம்பல். டபிள்யூஎஸ்2812 போன்ற எல்இடிகளில் ஒவ்வொரு விளக்கின் உள்ளேயும் ஒரு நுண்சில்லு இருக்கிறது. வரிசையாக வரும் தரவிலிருந்து முதல் 24 பிட்டுகளைத் தனக்கென எடுத்துக்கொண்டு, மீதியை அடுத்த விளக்குக்குத் தள்ளிவிடுகிறது. பந்தியில் தன் இலைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வாளியை அடுத்தவருக்கு நகர்த்துவதைப் போல. ஒற்றைத் தரவு ஒயரில் நூறு விளக்குகளுக்கு நூறு நிறங்களைக் கொடுக்க முடிவது இதனால்தான். என் கணினியில் ஒரேயொரு பட்டைதான் இருக்கிறது. செயலியின் வெப்பம் 50 பாகைக்குக் கீழே இருந்தால் மங்கிய மஞ்சள், 85 பாகையைத் தாண்டினால் சிவப்பு. சென்ற கோடையில் செயலிக்கும் குளிர்விப்பானுக்கும் இடையில் பூசிய வெப்பப் பசை காய்ந்துபோனதை எனக்கு முதலில் சொன்னது அந்தப் பட்டைதான்.

நீல நிறத்தையும் எளிதாக எண்ணிவிடாதீர்கள். சிவப்பு எல்இடி வந்து முப்பது ஆண்டுகள் கழித்து, 1993இல்தான் பிரகாசமான நீலம் சாத்தியமாயிற்று. அதற்கு வழிவகுத்த அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

கருங்குயில்

நோபல் பரிசு வாங்கிய நீலத்தின்மீது எனக்குப் பகையில்லை. என் பகை அதை ஆட்டுவிக்கும் மென்பொருளோடு. ராமின் விளக்கு பெரும்பாலும் எஸ்எம்பஸ் என்னும் தடத்தின் வழியே இயக்கப்படுகிறது; அந்த ராமின் வேகம், கொள்ளளவு ஆகியவற்றைக் குறித்துவைத்திருக்கும் சில்லும் அதே தடத்தில்தான் அமர்ந்திருக்கிறது. தவறான முகவரியில் எழுதப்பட்டால் ராமையே கணினி அடையாளம் காணாமல் போகக்கூடும். அந்தத் தடத்தைத் தொட, மென்பொருளுக்கு இயங்குதளத்தின் அடிமடி வரை செல்லும் இயக்கி (டிரைவர்) வேண்டும். அசூஸ் நிறுவனத்தின் ஆரா சிங்க் என்னும் விளக்கு மென்பொருளுடன் வந்த இயக்கிகளில், வேறு நிரல்கள் புகுந்து கணினியின் முழு அதிகாரத்தையும் பெறக்கூடிய ஓட்டைகள் இருந்தது 2018இல் வெளியாயிற்று. தோரணம் கட்ட வந்தவரிடம் பீரோச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பான செயல் இது. ஓப்பன்ஆர்ஜிபி போன்ற திறமூல மென்பொருளுக்கும் அதே தடத்தைத் தொட்டாக வேண்டிய கட்டாயம் உண்டு.

நிலாமுற்றம்

இடையில் ஓர் ஐயம். நானும் தங்கையும் ஒரே அறையில் படுக்கிறோம். கணினியை நிறுத்திய பிறகும் மதர்போர்டு விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால், அவள் அதன்மேல் துண்டைப் போர்த்துகிறாள். இது பழுதா?

மூன்றுமுள்

பழுது இல்லை, அம்மா. நிறுத்திய பின்னும் பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் வந்துகொண்டிருக்கும். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புத் திரையில், காத்திருப்பு மின்சாரத்தைக் குறைக்கும் ஈஆர்பி என்றிருப்பதை இயக்கிவிடுங்கள்; பெரும்பாலான மதர்போர்டுகளில் அதோடு விளக்கு அணைந்துவிடும். துண்டு மட்டும் வேண்டாம், காற்று அடைபடும்.

மாடிப்பட்டறை

மென்பொருளைப் பற்றிய குற்றச்சாட்டை முழுமையாக ஏற்கிறேன்; என் பட்டையை ஆட்டுவிப்பது தனியாக வாங்கிய, நாமே நிரல் எழுதி இயக்கக்கூடிய ஒரு சிறிய ஆர்டுயினோ மின்னணுப் பலகைதான். கணினியிலிருந்து யூஎஸ்பி வழியே வெப்பநிலை எண் மட்டும் அதற்குப் போகிறது. ராமில் விளக்கு வைத்ததை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் கருங்குயில் அவர்களிடம் ஒரு கேள்வி: உங்கள் கணினியின் உள்ளே ஒயர்களை எப்படி விட்டிருக்கிறீர்கள்?

கருங்குயில்

கறுப்பு நாடாவால் கட்டி, வளைவுகள் ஒரே அளவில் இருக்கும்படி சீவிவிட்டிருக்கிறேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. காற்றோட்டத்துக்காக.

மூன்றுமுள்

ஒயர் சீராக இருப்பதால் வெப்பம் ஒன்றிரண்டு பாகை குறைந்தால் பெரிது. எத்தனையோ பெட்டிகளில் அளந்து பார்த்துவிட்டேன்.

கருங்குயில்

சரி, காற்றோட்டத்துக்காக அன்று. பின்னால் யாரும் பார்க்காத இடத்திலும் அது ஒழுங்காக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதை அலங்காரம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் என் ஒயர்கள் இயக்கி எதையும் நிறுவச் சொல்வதில்லை; நிலாமுற்றத்தின் தங்கையை எழுப்புவதுமில்லை.